ஸ்கேனரோடு ஒத்துப்போகும் கார் ஜிபிஎஸ்: நெல்லைப் பக்கத்துக்கு எதை வாங்கலாம்?

காருக்கு ஜிபிஎஸ் வேண்டும் என்று கேட்டால் கடையில் முதலில் காட்டுவது திரையைத்தான். எத்தனை அங்குலம், தமிழில் வழி சொல்லுமா, ரிவர்ஸ் கேமரா சேருமா என்று பேச்சு அதைச் சுற்றியே போகும். வண்டியில் ஸ்கேனர், அதாவது பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடிக் கேட்கும் ரேடியோ, வைத்திருக்கும் அமெச்சூர் (ஹாம்) ரேடியோக்காரருக்கு இதில் ஒன்றும் பயன்படாது. வண்டி எந்த ஊர் வட்டத்துக்குள் இருக்கிறதோ அந்த ஊர் அலைவரிசைகளைத் தானே தேர்ந்தெடுக்கத்தான் ஸ்கேனருக்கு ஜிபிஎஸ். ஸ்கேனருக்குத் திரையும் வரைபடமும் வேண்டாம். நொடிக்கு ஒருமுறை ஒரு ஒயர் வழியாக வந்து விழும் இரண்டு வரி எழுத்து போதும். அந்த இரண்டு வரி வெளியே வராத ஜிபிஎஸ் எவ்வளவு விலையானாலும் இந்த வேலைக்கு ஆகாது.

அந்த வரிகளின் வடிவத்துக்கு என்எம்இஏ 0183 என்று பெயர். கப்பல் கருவிகளுக்காக வந்த தரம் அது. சீரியல் இணைப்பு, வேகம் 4800 பாட், 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். யூனிடன் ஸ்கேனர்கள் எதிர்பார்ப்பது ஜிபிஆர்எம்சி (GPRMC), ஜிபிஜிஜிஏ (GPGGA) என்ற இரண்டு வரிகளை. முதலாவதில் நேரம், இடம், வேகம், போகும் திசை இருக்கும். இரண்டாவதில் இடம், எத்தனை செயற்கைக்கோள், கடல்மட்டத்திலிருந்து உயரம். வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதிலிருந்து சீரியலில் என்எம்இஏ வெளியே வருமா?

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். இந்தியாவில் ரேடியோக் கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்பது 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டக் காலத்திலிருந்து வரும் விதி. இப்போது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. அமெச்சூர் உரிமம் இருப்பவர் தன் உரிமத்துக்குள் நின்று 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ் போன்ற அமெச்சூர் அலைவரிசைகளைக் கேட்பதற்காகவே இந்தக் கட்டுரை. போலீஸ், வனத்துறை, ரயில்வே வயர்லெஸ் கேட்பது இதில் சேராது, சேர்க்கவும் கூடாது.

இனி ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம். பலர் பணத்தை விடும் இடம் என்பதால், வேலைக்கு ஆகாதவற்றை முதலில் சொல்லிவிடலாம்.

டேஷ்போர்டில் ஒட்டும் திரை ஜிபிஎஸ்கள், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் எல்லாம் உள்ளே வரும் இடத்தகவலைத் தங்கள் வரைபடத்துக்கே பயன்படுத்திக்கொள்கின்றன. அதை வெளியே எடுக்கச் சீரியல் முனை பெரும்பாலும் கிடையாது. பின்னாலிருக்கும் யுஎஸ்பி சார்ஜ் ஏற்றவும் வரைபடம் புதுப்பிக்கவும்தான். வழி பார்க்கக் கையில் போன் இருக்கும்போது இதற்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டிய காரணமே இல்லை.

வாடகை கார், வேன், டூரிஸ்ட் வண்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது: ‘ஏஐஎஸ் 140 பெட்டி ஏற்கெனவே வண்டியில் இருக்கே, அதிலிருந்து ஒரு ஒயர் எடுத்தா என்ன?’ எடுக்கக்கூடாது. அந்தப் பெட்டி, வண்டி இருக்கும் இடத்தைச் சிம் வழியாகச் சர்வருக்கு அனுப்பச் செய்தது. அதில் சீரியல் முனை இருந்தாலும் பொதுவாக வேறு சென்சார் இணைப்பதற்கானது. பிரித்துக் கை வைத்தால் எஃப்சிக்குப் போகும்போது வம்பு.

அடுத்தது யுஎஸ்பி ஜிபிஎஸ். குளோபல்சாட் பியு-353 எஸ்4 போன்ற வட்ட வில்லைகள் லேப்டாப்புக்கு அருமையானவை. கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஸ்கேனருக்கு வேலை செய்யாது. யுஎஸ்பியில் ஒரு பக்கம் எஜமானாக இருக்க வேண்டும். லேப்டாப் அப்படி இருக்கும். ஸ்கேனரோ லேப்டாப்புக்கு முன் தானே சாதனமாக நிற்கும் வகை. இரண்டு சாதனங்களை ஒயரால் இணைத்தால் இரண்டும் சும்மா இருக்கும். ஸ்கேனரில் மினி யுஎஸ்பி வடிவத் துளை இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சில மாடல்களில் அந்தத் துளைக்குள் சீரியல் இணைப்பு இருக்கிறது, அதற்குத் தனி கேபிள் வேண்டும். பிளக் உள்ளே நுழைகிறது என்பதால் இணைப்பு சரி என்று ஆகிவிடாது.

இனி வேலைக்கு ஆகிறவை.

புதிய யூனிடன் மாடல் வைத்திருப்பவர், அதாவது பிசிடி 436எச்பி, 536எச்பி, எஸ்டிஎஸ் 100, எஸ்டிஎஸ் 200, வேறு எதையும் யோசிக்காமல் அந்த நிறுவனமே விற்கும் பிசி-ஜிபிஎஸ்கே வாங்கிக்கொள்ளலாம். கேபிள் அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். கஸ்டம்ஸ் வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பழைய அனலாக் மாடலான பிசிடி 15எக்ஸ் (BCT15X), அதோடு 996 வரிசை இரண்டுக்கும் கார்மின் ஜிபிஎஸ் 18எக்ஸ் பிசி நல்ல பொருத்தம். தண்ணீர் புகாது, அடியில் காந்தம், கேபிள் முனையில் 9 பின் சீரியல் பிளக், கூடவே லைட்டர் சாக்கெட் பிளக். பெட்டியிலிருந்து எடுத்ததுமே 4800 பாட்டில் பேசும். இதே பெயரில் யுஎஸ்பி, எல்விசி என்றும் வகைகள் உண்டு. ‘18எக்ஸ்’ என்பதை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் யுஎஸ்பி வந்து சேரும். எல்விசி வெறும் ஒயரோடு வரும். 5 வோல்ட் தனியாகக் கொடுக்க வேண்டும், சால்டர் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது சரி.

நெல்லைக்காரர்களுக்கு மட்டும் கைக்கு எட்டும் ஒரு வழி இருக்கிறது. உவரி, கூட்டப்புளி, இடிந்தகரைப் பக்கம் மீன்பிடிப் படகுகளில் ஓடிய பழைய ஜிபிஎஸ்கள். கடல் உபயோகத்துக்கான கருவி என்றால் என்எம்இஏ 0183 வெளியே கொடுப்பது ஏறக்குறைய நிச்சயம், அந்தத் தரமே கடலுக்காக வந்தது. கார்மினின் பழைய ஜிபிஎஸ்மேப் 400, 500 வரிசையில் சிவப்பு ஒயர் பவர், கருப்பு எர்த், நீலம் தகவல் வெளியே, பழுப்பு தகவல் உள்ளே. ஸ்கேனருக்கு வேண்டியது நீலமும் கருப்பும் மட்டும். கைக்கு அடக்கமான ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ், மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ் எச் போன்றவையும் சீரியல் உள்ளவை. மெனுவில் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் ‘கார்மின்’ என்றிருப்பதை ‘என்எம்இஏ’ என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அது தன் சொந்த மொழியில் பேசும், ஸ்கேனருக்குப் புரியாது.

படகிலிருந்து வரும் கருவியில் பார்க்க வேண்டியது உப்பு. பின்பக்கத் துளையில் பச்சை பூத்திருந்தால், ஒரு பின் கருத்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். உப்பு பிளக்கோடு நிற்காது, உள்ளே போர்டு வரை போயிருக்கும். தேதி தப்பாகக் காட்டுகிறது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று திரும்பியது. பழைய கருவிகள் அதனால் இருபது வருடம் பின்னால் போய்க் காட்டும். இடம் சரியாகவே இருக்கும், ஸ்கேனருக்கு இடம்தான் முக்கியம்.

கடைசி வகைதான் எங்கள் சிபாரிசில் முதலாவது: நியோ-6எம் மாட்யூல், அதாவது நாமே டப்பாவில் போட்டுக் கட்டிக்கொள்ளும் சின்ன ஜிபிஎஸ் போர்டு. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், தபாலில் பாளையங்கோட்டைக்கு வந்துவிடும். கூட ஒரு மேக்ஸ்3232 போர்டு, ஒரு 7805 ரெகுலேட்டர், 0.33 மற்றும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒவ்வொன்று, அரை ஆம்பியர் ஃப்யூஸ், 9 பின் பிளக், சின்ன பிளாஸ்டிக் டப்பா. அரை நாள் வேலை.

மேக்ஸ்3232 எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதை விட்டுவிட்டுக் கட்டுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. மாட்யூலிலிருந்து வருவது 3.3 வோல்ட் லாஜிக். ஸ்கேனரின் 9 பின் முனை ஆர்எஸ்232 தரத்தில் இருக்கும். அங்கே ஒன்று என்பது மைனஸ் வோல்ட், பூஜ்யம் என்பது பிளஸ் வோல்ட், அதாவது தலைகீழ். நேரடியாக இணைத்தால் எழுத்து தலைகீழாகப் போகும். அந்த மைனஸ் வோல்ட் மாட்யூலுக்குள் திரும்பி வந்தால் மாட்யூலும் போகும்.

7805 போடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. லைட்டர் சாக்கெட்டில் செருகும் மலிவான யுஎஸ்பி சார்ஜர்கள் சுவிட்சிங் வகை. அவற்றின் இரைச்சல் 144 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறி வந்து ஸ்கேனரில் ‘ஸ்ஸ்’ என்று உட்கார்ந்துகொள்ளும். தூரத்து நிலையம் கேட்காமல் போவதற்கு ஆண்டெனாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். 7805 அப்படி இரைச்சல் போடாது. மாட்யூல் இழுப்பது சுமார் 50 மில்லிஆம்பியர். 13.8 வோல்ட்டிலிருந்து 5 ஆக இறக்கும்போது வெப்பமாகப் போவது அரை வாட்டுக்கும் குறைவு, கையால் தொடலாம். 24 வோல்ட் லாரி என்றால் ஒரு வாட்டைத் தாண்டும், ஒரு சின்ன அலுமினியத் தகடு திருகுங்கள். ஏற்கெனவே சார்ஜர் வாங்கிவிட்டவர்கள் 43ஆம் வகை ஃபெரைட் வளையத்தில் ஒயரை மூன்று சுற்று சுற்றிப் பார்க்கலாம், ஓரளவு குறையும்.

நியோ-6எம் பெட்டியிலிருந்து வரும்போது 9600 பாட்டில் இருக்கும். யு-சென்டர் என்ற இலவச மென்பொருளில் 4800க்கு மாற்றலாம். மாற்றியது நிலைக்குமா என்பது போர்டைப் பொறுத்தது. நினைவகச் சில்லு உள்ள போர்டில் நிலைக்கும். இல்லாதவற்றில் சின்ன பேட்டரி தீர்ந்ததும் பழையபடி 9600க்கே போய்விடும். பத்து நாள் வண்டி எடுக்காமல் இருந்து, ‘போன தடவை ஓடிச்சு, இன்னைக்கு ஜிபிஎஸ் காட்டல’ என்ற புகார் பெரும்பாலும் இதுதான். ஸ்கேனர் மெனுவில் சீரியல் வேகத்தை 9600 ஆக வைக்க முடிந்தால் அப்படியே வைத்துவிடுங்கள், மாட்யூலைத் தொட வேண்டாம்.

இதைவிடப் புதியதான நியோ-எம்8என் நல்லதில்லையா? வழி பார்க்க நல்லது. பழைய ஸ்கேனருக்கு இரண்டு சிக்கல். பல நாட்டுச் செயற்கைக்கோள்களைச் சேர்த்துக் கேட்பதால் அது வரியின் தொடக்கத்தில் ‘ஜிபி’ போடாமல் ‘ஜிஎன்’ போடும். ஜிபிஆர்எம்சி என்ற எழுத்தையே தேடும் ஸ்கேனர் ஜிஎன்ஆர்எம்சியைக் கண்டுகொள்ளாது. இரண்டாவது, நெரிசல். 4800 பாட் என்றால் நொடிக்கு 480 எழுத்துதான் போகும். ஒரு வரி 82 எழுத்து வரை நீளும். செயற்கைக்கோள் பட்டியல் வரிகளும் சேர்ந்தால் ஒரு நொடிக்குள் அடங்காது, தகவல் வெட்டுப்படும். யு-சென்டரில் முன்னெழுத்தை ‘ஜிபி’ என்று கட்டாயப்படுத்தி, ஆர்எம்சி, ஜிஜிஏ தவிர மற்ற வரிகளை நிறுத்தினால் இரண்டும் தீரும்.

ஒயர் இணைப்பில் யாருடைய வரைபடத்தையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம், மல்டிமீட்டரை எடுங்கள். 9 பின் முனையில் 5ஆம் பின் எர்த். கறுப்புக் கம்பியை அதில் வைத்து, சிவப்பை 2லும் 3லும் தொடுங்கள். சும்மா இருக்கும்போது எந்தப் பின்னில் மைனஸ் 5 வோல்ட் அளவில் காட்டுகிறதோ அதுதான் பேசும் பின். ஜிபிஎஸ்ஸிலும் ஸ்கேனரிலும் ஒரே எண் பின் பேசினால் இரண்டு வாயும் எதிரெதிரே நிற்கின்றன. 2ஐயும் 3ஐயும் மாற்றிக் கட்ட வேண்டும், அல்லது கடையில் நல்-மோடம் அடாப்டர் கேளுங்கள். இரண்டு முனையும் ஒரே பாலினப் பிளக்காக இருந்தால் ஜென்டர் சேஞ்சரும் சேர்த்து வேண்டியிருக்கும்.

ஸ்கேனரில் செருகும் முன் லேப்டாப்பில் பாருங்கள். யுஎஸ்பி-சீரியல் கேபிளில் மாட்டி, புட்டி போன்ற டெர்மினலில் சரியான வேகத்தில் திறந்தால் வரிகள் ஓடும். குப்பை எழுத்து வந்தால் வேகம் தப்பு, அல்லது மேக்ஸ்3232 இல்லாமல் தலைகீழாக வருகிறது. ஒன்றுமே வராவிட்டால் பின் மாறியிருக்கிறது. வரி ஒழுங்காக வந்தால் ஆர்எம்சியில் நேரத்துக்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள்: ‘ஏ’ என்றால் இடம் கிடைத்துவிட்டது, ‘வி’ என்றால் இன்னும் தேடுகிறது. நேரம் ஐந்தரை மணி பின்தங்கித்தான் இருக்கும், உலக நேரம் அது. காலை பத்து மணிக்கு 0430 என்று தொடங்கினால் எல்லாம் சரி. புதிய மாட்யூலை முதல்முறை மொட்டைமாடியில் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். செயற்கைக்கோள்களின் முழுப் பட்டியல் இறங்கவே 12.5 நிமிடம் ஆகும்.

வண்டியில் வைக்கும் இடம்: கூரையில் காந்தம் போட்டு வைப்பது சிறந்தது. கேபிளைக் கதவு ரப்பருக்குள் விடும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், மழைநீர் கேபிளைப் பிடித்து உள்ளே வராது. கூரை நடுவில் 2 மீட்டர் அலைவரிசைக்கான (144 மெகாஹெர்ட்ஸ்) ஆண்டெனா இருந்தால் ஜிபிஎஸ் முன் ஓரத்துக்குப் போகட்டும், ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். 50 வாட்டில் பேசும்போது பக்கத்திலிருக்கும் மலிவு மாட்யூல் செவிடாகிவிடும். உள்ளே வைப்பதானால் முன் கண்ணாடியின் கீழ் மூலை. உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அங்கே சிக்னல் வராது. சித்திரை, வைகாசியில் வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டில் இரட்டைப்பக்க டேப் இளகி விழும், திருகிவிடுவதே நல்லது.

இந்த ஊருக்கென்று ஒரு வானக் கோளாறும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நெல்லைக்குப் பக்கத்தில் போகிறது. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கு அதுவே காரணம். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்தபின் அயனிமண்டலத்தில் குமிழிகள் கிளம்பி, அவற்றைக் கடந்து வரும் சிக்னல் சிமிட்டும். மார்ச்–ஏப்ரலிலும் செப்டம்பர்–அக்டோபரிலும், சூரியன் கொந்தளிப்பாக இருக்கும் வருடங்களிலும் அதிகம். ஜிபிஎஸ் அலைவரிசையில் இதன் முழு உக்கிரம் காந்த நடுக்கோட்டுக்கு வடக்கே தள்ளியிருக்கும் பகுதிகளில்தான், இங்கே மிதமே. ஆனாலும் இரவு எட்டு மணிக்கு இரண்டு மூன்று செயற்கைக்கோள் திடீரென்று காணாமல் போனால் கருவியைக் கழற்ற வேண்டாம், நள்ளிரவுக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஸ்கேனர் பார்ப்பது கிலோமீட்டர் கணக்கில் வட்டம். சில மீட்டர் தள்ளினால் அதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே துல்லியத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

வாங்கி மாட்டியபின் ஏமாற்றம் வருவது வேறோர் இடத்தில். ஸ்கேனருக்குள் வரும் நிலையப் பட்டியல் அமெரிக்கா, கனடாவுக்கானது. நெல்லையில் ஜிபிஎஸ் ‘ஏ’ காட்டும், ஸ்கேனர் இடத்தைச் சரியாகச் சொல்லும், ஆனால் அந்த இடத்தில் அதற்கு எதுவும் தெரியாது. நாமே எழுத வேண்டும்: ஒவ்வோர் ஊரின் அலைவரிசைத் தொகுதிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆரம்.

இங்கே எண் வடிவம் கழுத்தறுக்கும். என்எம்இஏ வரியில் பாளையங்கோட்டைப் பக்கம் 0843.8000 என்று வரும். அது 8 பாகை (டிகிரி) 43.8 கலை (மினிட்). பத்தின் பகுப்பில் 8.73. இதை 8.438 என்று எழுதிவிட்டால் வட்டத்தின் மையம் 32 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து நாங்குநேரியையும் தாண்டிப் போய்விடும். கலையை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள்.

ஆரம் மைலில் கேட்கும் மாடல்களில் ஒன்றுக்கு 1.6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லைக்கும் வள்ளியூருக்கும் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். இரண்டுக்கும் 15 மைல் வைத்தால் மூன்றடைப்பு–நாங்குநேரி வாக்கில் 8 கிலோமீட்டர் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்த மேல்விழுதல் வேண்டும். 12 மைல் வைத்தால் நடுவில் ஸ்கேனர் எதையும் தேடாத மௌனப் பட்டை ஒன்று வந்துவிடும். மேற்கே அம்பை, பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் வட்டக் கணக்கு அவ்வளவாக உதவாது. மாஞ்சோலை ஏறும்போது ஒரு வளைவில் மலை முழுதாக மறைக்கும், அடுத்த வளைவில் சமவெளி மொத்தமும் கேட்கும். அந்தத் தொகுதியை இடக்கட்டுப்பாட்டில் வைக்காமல் எப்போதும் ஓடும்படி விடுங்கள்.

996 போன்ற மாடல்களில் இன்னொரு வசதி இருக்கிறது, இங்கே அதைப் பயன்படுத்துவோர் குறைவு: இட எச்சரிக்கை. ஆபத்தான சந்திப்பு, ஆபத்தான சாலை என்று ஓரிடத்தைப் பதிந்து, திசையும் வேகமும் கொடுத்து வைத்தால், அந்தத் திசையில் அந்த வேகத்துக்கு மேல் நெருங்கும்போது சத்தம் கொடுக்கும். நான்குவழிச்சாலையில் காவல்கிணறு வரை ஊர்ப் பாதைகள் குறுக்கே வந்து சேரும் இடங்களை வரிசையாகப் பதிந்துகொள்ளலாம். திசை ஆர்எம்சி வரியிலிருந்து வருவதால், வண்டி நின்றிருக்கும்போது அது தாறுமாறாகக் காட்டும். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துச் சோதிக்காமல் ஓட்டிப் பார்த்தே சோதியுங்கள், பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரைப் பார்த்துக்கொள்ளட்டும்.